சோடாக் கடை வருமானத்தில் எழுந்த பல் வைத்தியக் கல்லூரி: டாக்டர் ரபீயுத்தீன் அஹ்மத்

தலவாக்கலையில் வசிக்கும் என் பெரியப்பாவின் மகன், தோட்டப் பாடசாலையொன்றில் நீண்ட காலம் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தமது சேமிப்பில் பெரும் பகுதியைச் செலவிட்டுக் கீழ்த்தாடையில் இரண்டு பற்களைப் பொருத்திக்கொண்டார். கழற்றி மாட்டும் பல்வரிசையன்று. தாடை எலும்பில் துளையிட்டு, டைட்டானியத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லை நிறுத்தும் இம்பிளான்ட் முறை. நகரமொன்றிலிருந்த தனியார் நிலையத்தில் சிகிச்சை நடைபெற்றது. விறைப்பு ஊசியின் தாக்கம் மாலைக்குள் நீங்கிவிடும் என்று கூறி அனுப்பிவைத்தார்கள். மாலை கடந்தது, மாதங்களும் கடந்தன. கீழுதட்டின் இடது பாதியில் உணர்ச்சி திரும்பவேயில்லை. கொதிக்கும் தேநீர் உதட்டில் பட்டாலும் அவருக்குத் தெரிவதில்லை. தேயிலை மலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மனிதர், இன்று அண்ணி ஆற்றிக் கொடுத்தால்தான் தேநீரை வாயில் வைக்கிறார்.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர் போலி வைத்தியர் அல்லர். முறைப்படி பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட பல் வைத்தியர். ஆனால் தாடை எலும்பில் திருகாணி பதிக்கும் வேலையை மட்டும் அவர் சில நாள் பயிற்சி வகுப்பொன்றில் கற்றுக்கொண்டிருந்தார் என்பது பின்னர் விசாரித்தபோது தெரியவந்தது. ஒருவர் எவரிடம், எவ்வளவு காலம், எவருடைய மேற்பார்வையில் கற்ற பின்னர் இன்னொருவருடைய வாயில் கருவியை வைக்கலாம்? இந்தக் கேள்வி புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கல்கத்தாவில் இதே கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்டவர் டாக்டர் ரபீயுத்தீன் அஹ்மத். இந்திய உபகண்டத்தின் நவீன பல் வைத்தியத்துக்குத் தந்தை என்று போற்றப்படும் அம்மனிதரை இந்தியாவின் பல் வைத்திய மாணவர்கள் அறிவார்கள். நம்மவரில் அவரை அறிந்தோர் மிகச் சிலரே.

ரபீயுத்தீன் அஹ்மத் 1890 டிசெம்பர் 24ஆம் திகதி கிழக்கு வங்காளத்தில், இன்றைய பங்களாதேஷுக்குள் அடங்கும் பர்தன்பாரா என்ற ஊரில் பிறந்தார். டாக்கா மத்ரஸாவிலும் பின்னர் அலிகாரிலும் கல்வி பயின்றார். சேர் செய்யித் அஹ்மத் கான் நிறுவிய அலிகார் கல்லூரி அக்காலத்தில் பல்கலைக்கழகமாக உயர்ந்திருக்கவில்லை. ஆயினும் மார்க்கக் கல்வியோடு மேலைநாட்டு விஞ்ஞானத்தையும் முஸ்லிம் இளைஞர்கள் கற்றாக வேண்டும் என்ற அதன் நோக்கம் ஒரு தலைமுறையையே உருவாக்கியிருந்தது. 1908இல் அங்கு படிப்பை முடித்த அஹ்மத், மறு ஆண்டே அமெரிக்காவுக்குப் பயணமானார்.

மேற்படிப்புக்குக் கடல் கடந்த அக்கால இந்தியர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கே சென்றார்கள். சட்டத்தையோ பொது மருத்துவத்தையோ கற்றார்கள். இவரோ அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தாயகத்தில் எவரும் ஒரு கல்வித் துறையாகவே கருதாத பல் வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தார். 1915இல் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் முதலாவது உலகப் போர் மூண்டிருந்த நேரம் அது. அடுத்த சில ஆண்டுகளை அவர் பொஸ்டன் நகரில், போர்சைத் சிறுவர் பல் சிகிச்சை நிலையத்தில் கழித்தார். வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் கொடையாளர்களின் பணத்தில் அமைக்கப்பட்டு, அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த நிலையம் அது. செல்வந்தர்களின் பற்களைச் செப்பனிட்டு வருமானம் ஈட்டக்கூடிய தகைமை பெற்ற ஓர் இளைஞர், தம் தொழிலின் முதல் ஆண்டுகளை ஏழைச் சிறுவர்களின் சொத்தைப் பற்களோடு கழித்ததை அவருடைய பின்னைய வாழ்க்கையோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

1919இல் அவர் இந்தியா திரும்பியபோது அங்கு பல் வைத்தியத்தைக் கற்பிக்கக் கல்லூரி எதுவும் இருக்கவில்லை. பல் வலித்தால் பெரும்பாலோர் நாடியது நாவிதர்களையும், சந்தைகளிலும் நடைபாதைகளிலும் குறடுகளைப் பரப்பி அமர்ந்திருந்தவர்களையுமே. கல்கத்தாவில் சீனக் குடும்பங்கள் பல தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டும் தொழிலைச் செய்து வந்தன. இலங்கையின் நகரங்களிலும் சீனப் பல் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைக் கண்ட நினைவு மூத்த வாசகர்களுக்கு இருக்கும். அவர்களுள் கைத்திறன் மிக்கோர் பலர் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தந்தையிடமிருந்து மகன் கற்கும் தொழிலில் தந்தைக்குத் தெரியாதது மகனுக்கும் தெரியாது. நோய்க் கிருமி, எலும்பின் அமைப்பு, நரம்பின் பாதை ஆகியவை பட்டறையில் கற்பிக்கப்படுவதில்லை.

1920இல் அஹ்மத் கல்கத்தாவில் ஒரு பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி அதுவே. அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை. ஜமீன்தார்களின் கொடையும் இல்லை. இவ்விடத்தில்தான் அவருடைய வாழ்க்கையின் மிகச் சுவையான அத்தியாயம் வருகிறது. அமெரிக்காவில் தாம் கண்ட சோடாக் கடைகளைப் போன்ற ஒன்றை, நியூயோர்க் சோடா பவுன்டன் என்ற பெயரில், கல்கத்தாவில் திறந்தார். வெய்யிலில் வாடிய நகரத்துக்குக் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்று வந்த வருமானம் கல்லூரியை நடத்தச் செலவிடப்பட்டது. பல்லுக்குக் கேடு விளைவிக்கும் இனிப்பை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்தாரே என்று இன்றைய வாசகர் நகைக்கக் கூடும். அவரும் அதை உணராதிருந்திருக்க மாட்டார். ஆனால் கல்லூரிக்குக் கதிரை வேண்டும், கருவி வேண்டும், போதிப்பவருக்குச் சம்பளம் வேண்டும். காலனித்துவ அரசாங்கம் அக்கல்வியின் தேவையை ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருந்தால் அக்கல்லூரி அவர் காலத்தில் தோன்றியிராது.

முதல் மூன்று ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் 11 பேர் மாத்திரமே. பெற்றோர் தம் பிள்ளைகளை நாவிதர்களின் தொழிலுக்கு அனுப்பத் தயங்கினார்கள் என்பதில் வியப்பில்லை. ஓராண்டுக் கற்கையாகத் தொடங்கியதை அஹ்மத் படிப்படியாக நீட்டி, ஈற்றில் நான்காண்டுக் கற்கைநெறியாக்கினார். இதன் முக்கியத்துவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மாணவர்கள் வரத் தயங்கும் ஒரு கல்லூரி தன் கற்கைக் காலத்தைக் குறைத்துத்தான் அவர்களைக் கவர முயலும். கட்டணம் செலுத்தும் மாணவரை நம்பி இயங்கும் எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சபலம் ஏற்படும். இவர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். கடையின் வருமானம் கையில் இருந்ததால் மாணவர் தொகைக்கு அவர் அஞ்ச வேண்டியிருக்கவில்லை என்றும் கூறலாம். சோடா விற்ற காசு கல்லூரிக்குக் கட்டடத்தை மட்டுமன்றி, தரத்தைக் குறைக்க மறுக்கும் துணிவையும் வாங்கிக் கொடுத்தது.

அக்கல்லூரியில் பயின்றவர்களுள் உலகறிந்த ஒருவரும் இருந்தார். முகம்மது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அங்கு பல் வைத்தியம் கற்று, 1923இல் பம்பாயில் தமது சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். முஸ்லிம் பெண்ணொருவர் வீட்டை விட்டு வெகுதூரம் சென்று தொழிற்கல்வி பெறுவது பலருக்கும் அதிர்ச்சியூட்டிய காலம் அது. பின்னாளில் அவர் தமையனாரின் அரசியல் வாழ்வோடு தம்மைப் பிணைத்துக்கொண்டபோது கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்.

கல்லூரி மட்டும் போதாது என்பதை அஹ்மத் விரைவிலேயே உணர்ந்தார். 1925இல் வங்காளப் பல் வைத்தியர் சங்கத்தை நிறுவினார். பிற்காலத்தில் இந்தியப் பல் வைத்தியர் சங்கம் உருவாவதற்கு அதுவே வித்தானது. அதே ஆண்டில் இந்தியப் பல் வைத்திய சஞ்சிகையைத் தொடங்கி, இரு தசாப்தங்களுக்கு மேலாக அதன் ஆசிரியராகவும் இருந்தார். பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவருடைய ஏனைய சாதனைகளைவிட இதுவே எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. சில நூறு வாசகர்களே சாத்தியமான ஒரு துறைசார் இதழை அத்தனை ஆண்டுகள் நிறுத்தாமல் கொண்டுவருவதன் சுமை, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 1928இல் பற்குழிகளை நிரப்பிச் சீரமைக்கும் சிகிச்சை பற்றி மாணவர்களுக்கான கைந்நூலை எழுதி வெளியிட்டார். கல்கத்தா மாநகர சபையிலும் உறுப்பினராக அமர்ந்தார்.

அவருடைய முயற்சியின் உச்சம் சட்டமாக வடிவெடுத்தது. 1939இல் வங்காளப் பல் வைத்தியர் சட்டம் நிறைவேறியது. சுதந்திரத்தின் பின்னர் 1948இல் இந்தியா முழுவதற்குமான பல் வைத்தியர் சட்டம் வந்தது. அதன் கீழ் மறு ஆண்டு இந்தியப் பல் வைத்திய சபை அமைக்கப்பட்டது. இச்சட்டத்தில் ஓர் ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. பல் வைத்தியர்களின் பதிவேடு இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் ஒரு பகுதி. பட்டம் இல்லாவிடினும் குறைந்தது ஐந்து ஆண்டுகளாக அத்தொழிலையே பிரதான ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தவர்கள் மறு பகுதி. தொழில் செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரை ஒரே நாளில் தெருவில் நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் இயலாது. ஆகவே அவர்களை ஏற்றுக்கொண்டு, இனி வருபவர்கள் கற்றே வர வேண்டும் என்று ஒரு கோடு போடப்பட்டது. இந்தச் சமரசத்தை அன்று குறை கூறியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கோடு போடப்பட்டதால்தான் இரண்டாவது பகுதியில் புதியவர்கள் சேர வழியில்லாமற் போனது.

1947இல் வங்காளம் இரண்டாகப் பிளந்தது. அவர் பிறந்த மண் கிழக்குப் பாகிஸ்தானாயிற்று. அவருடைய மாணவியாக இருந்த பாத்திமா ஜின்னா புதிய நாட்டின் முதல் வரிசைத் தலைவர்களுள் ஒருவரானார். அஹ்மத் கல்கத்தாவிலேயே தங்கினார். கலவரங்களால் இரத்தம் தோய்ந்த நகரத்தில், இரு திசைகளிலும் மக்கள் அகதிகளாக ஓடிக்கொண்டிருந்த வேளையில், தாம் வளர்த்த கல்லூரியை அவர் விட்டுப் போகவில்லை. 1949இல் அதனை மேற்கு வங்காள அரசாங்கத்திடமே கையளித்தார். முப்பது ஆண்டு உழைப்பை விற்கவில்லை, வாரிசுகளுக்கு எழுதி வைக்கவுமில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் றோயல் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி அவருக்குப் பல் சத்திரசிகிச்சைத் துறையில் பெல்லோசிப் கௌரவத்தை வழங்கியது. 1950இல் டாக்டர் பிதான் சந்திர ராயின் அமைச்சரவையில் இணைந்து, விவசாயம், கூட்டுறவு, நிவாரணம், புனர்வாழ்வு முதலிய பொறுப்புகளை 1962 வரை வகித்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்தவர்களுக்கான புனர்வாழ்வுப் பணியை, அதே கிழக்கு வங்காளத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் அமைச்சர் கவனித்தார் என்பதை நம் நாட்டின் இன்றைய அரசியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1964இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1965 பெப்ரவரி 9ஆம் திகதி அவர் காலமானார். கல்லூரி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் மறைந்த அதே 1965ஆம் ஆண்டில்தான் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பேராசிரியர் பெர் இங்வார் பிரானெமார்க், மனிதத் தாடையில் முதன்முதலாக டைட்டானியத் திருகாணிகளைப் பதித்தார். 1950களில் முயல்களின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உள்ளே வைத்த டைட்டானியக் கருவியை எலும்பு இறுகப் பற்றிக்கொண்டதை அவர் தற்செயலாகக் கண்டார். முதல் நோயாளியின் வாயில் அத்திருகாணிகள் 2006இல் அவர் இறக்கும்வரை நிலைத்திருந்தன. 1982இல் டொரன்டோவில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே உலகம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. பிரானெமார்க் ஒரு விடயத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தார். ஆரம்ப ஆண்டுகளில், உரிய பயிற்சியை முடித்தவர்களுக்கே அத்திருகாணிகள் விற்கப்பட்டன. அஹ்மதைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆயினும் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

அந்தக் கட்டுப்பாடு நீடிக்கவில்லை. திருகாணி தயாரிக்கும் கம்பனிகள் பெருகின. கம்பனிகளே பயிற்சி வகுப்புகளையும் நடத்தத் தொடங்கின. ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு மூன்று நாள் விரிவுரை, பிளாஸ்டிக் தாடையில் துளையிடும் பயிற்சி, ஈற்றில் சான்றிதழ். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமன்றி உலகெங்கும் காணக்கூடிய காட்சி இது. அத்தகைய வகுப்புகள் அனைத்தும் பயனற்றவை என்று கூறுவது நியாயமாகாது. ஏற்கெனவே கற்றவர் புதிய கருவியொன்றைத் தெரிந்துகொள்ள அவை உதவும். அதையே முழுக் கல்வியாகக் கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

துளையிடும் கருவியின் உராய்வால் எலும்பின் வெப்பம் 47 பாகை செல்சியஸை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக் கலங்கள் பாதிப்படைகின்றன. கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்புக்கும் திருகாணியின் முனைக்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அதை அளக்க முப்பரிமாண ஸ்கேன் எடுக்கவும், எடுத்த ஸ்கேனை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மேல்தாடையில் எலும்புக்கு மேலே காற்றறை இருக்கிறது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர், புகைப்பவர், எலும்பைப் பலப்படுத்தச் சில மருந்துகளை உட்கொள்பவர் ஆகியோருக்கு வேறு கணக்கு. மலையகத்தில் இதனோடு வெற்றிலை, பாக்கு, புகையிலையும் சேர்கின்றன. வாய்ப் புற்றுநோயின் முன்குறிகளைத் தேடிப் பார்க்காமல் இங்கு எவருக்கும் திருகாணி பதிக்கலாகாது. இவற்றை மேற்பார்வையாளர் அருகில் நிற்க, உண்மையான நோயாளிகளிடம், தவறுகளை உடனுக்குடன் திருத்திக்கொண்டு கற்பதற்குத்தான் பட்டப்பின் பயிற்சி என்று பெயர்.

இலங்கையில் அதற்கு வழி இல்லாமல் இல்லை. 1943இல் கொழும்பில் ஆரம்பமான பல் வைத்தியக் கல்வி பின்னர் பேராதனைக்கு மாறி, நெடுங்காலம் நாட்டின் ஒரே பீடமாக அங்கு வளர்ந்தது. ஜப்பானின் உதவியோடு 1998இல் அங்கு புதிய போதனா வைத்தியசாலையும் எழுந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சையிலும் பற்களை மீளமைக்கும் துறையிலும் நிபுணர்களைப் பல ஆண்டுப் பயிற்சியின் பின்னரே வெளியே அனுப்புகிறது. இம்பிளான்ட் சிகிச்சை இத்துறைகளுக்குள் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. பிரித்தானியாவிலும் அது தனியான நிபுணத்துவமாகப் பதிவாவதில்லை. ஆனால் அங்கு, இச்சிகிச்சையில் இறங்கும் சாதாரண பல் வைத்தியர் எத்தகைய பயிற்சியை, எத்தகைய மேற்பார்வையில் பெற்றிருக்க வேண்டும் என்று எழுத்தில் வகுத்துள்ளார்கள். நிபுணர்கள் மட்டுமே பதிக்கலாம் என்று கூறினால் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் அச்சிகிச்சை ஒருபோதும் வந்து சேராது. பதிவு செய்த எவரும் பதிக்கலாம் என்று விட்டுவிட்டால் அண்ணனுக்கு நேர்ந்ததே பிறருக்கும் நேரும். 1948இல் போட்டதைப் போன்ற ஒரு கோட்டை, இன்று செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு கால அவகாசமும் இனி வருபவர்களுக்கு ஒரு கட்டாயப் பயிற்சியும் என்ற முறையில், இந்த ஒரு சிகிச்சைக்கேனும் நம் நாட்டில் போடுவது இயலாத காரியமன்று.

அண்ணனை நாங்கள் பின்னர் அரசாங்க வைத்தியசாலையொன்றில் நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். ஹட்டன், நாவலப்பிட்டி வழியாக ரயிலில் அரை நாள் பயணம். அவர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, திருகாணியின் முனை நரம்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருப்பதை விளக்கினார். சிகிச்சைக்கு மறுநாளே விறைப்பு நீங்கவில்லை என்று தெரிந்தவுடன் திருகாணியைக் கழற்றியிருந்தால் நரம்பு மீண்டிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றும், இத்தனை மாதங்களுக்குப் பின்னர் கழற்றுவதால் பெரும் பயன் இராது என்றும் கூறினார். பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்ட மாதங்களில்தான் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கிறது. இரண்டு பற்களும் இன்றுவரை உறுதியாகவே இருக்கின்றன. அவற்றால் அண்ணன் நன்றாக மெல்லுகிறார். உதடுதான் இன்னமும் விறைத்திருக்கிறது.